பழைய ஃபைபர் படகு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் என் படகைப் பற்றி எழுதியிருந்தேன். 1971இல் கட்டிய பெர்ட்ரம் 31 என்ற 31 அடி மோட்டார் படகு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஃபோர்ட் பியர்ஸில், ஒரு படகு யார்டின் பின்பக்கப் புல்தரையில் மூன்றரை வருடம் நிறுத்திவைத்து, சனி ஞாயிறுகளில் நானே வேலை பார்த்துக் கடலில் இறக்கினேன். இது வலை போட்டுப் பிழைக்கும் படகு இல்லை. தூண்டிலும் ரீலுமாக மயில்மீனையும் சூரையையும் தேடிப் போகிறவர்களின் படகு. அதைப் படித்துவிட்டு எழுதியவர்களின் கேள்விகளில் சிலவற்றை ஆசிரியர் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் பிறந்தது தூத்துக்குடியில். தாத்தா ஓடாவி, தோணி கட்டியவர். எனக்கு ஃபைபர் வேலையை யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. செய்தும், செய்ததைப் பிரித்தும், மறுபடி செய்தும் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: 1978ஆம் வருடத்து 28 அடிப் படகு ஒன்று 4,000 டாலருக்கு வருகிறது. எஞ்சின் ஓடவில்லை. "பாடி கல்லு மாதிரி இருக்கு" என்கிறார் விற்பவர். வாங்குவதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (வாசகர், டாம்பா)

அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்ந்த ஓடு மக்காது. மக்குவது அதற்குள் மறைந்திருக்கும் மரம். பழைய படகுகளில் தளத்துக்குள் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். டிரான்சம் என்கிற பின்சுவருக்குள் பிளைவுட் இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்களுக்குள்ளும் பல படகுகளில் மரம்தான். மேலும் கீழும் ஃபைபர் மூடியிருப்பதால், ஒரு ஸ்குரூ ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வரவே முடியாது. தாத்தா கட்டிய தோணியில் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பற்று அடித்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் மரம் ஊதி இடுக்கு தானாக அடைத்துக்கொள்ளும், உள்ளே வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெரியும், இறைத்துவிடலாம். ஃபைபர் படகில் அந்தத் தண்ணீர் பத்து வருடம் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

அதனால் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வேலைதான். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். மக்கிய இடத்தில் "தொப்" என்று அமுங்கிவிடும். அவசரப்படாமல் கைவிரல் அளவுக்கு இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போய், ஓசை மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் படகின் மேல் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். அந்தக் கோடுகள் அநேகமாக ஏதாவது ஒரு ஓட்டையைச் சுற்றித்தான் இருக்கும்: தூண்டில் தாங்கி, கைப்பிடிக் கம்பி, நாற்காலியின் கால், ஆன்டெனா.

ஈரம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். நேற்றுத்தான் தண்ணீரிலிருந்து தூக்கிய படகிலும், அடியில் செம்பு கலந்த பெயின்ட் இருக்கும் இடத்திலும் அது தப்பாகக் காட்டும். சந்தேகமான இடத்தில், விற்பவர் சம்மதித்தால், உள்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் டிரில் போட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் சரி. காபிப்பொடி நிறத்தில் ஈரமாக டிரில்லில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மரம் போய்விட்டது.

எஞ்சின் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஸ்டிரிங்கருக்குள் இறங்கும் போல்ட்டை ஸ்பேனரால் இறுக்கிப் பாருங்கள். பிடிக்காமல் சுற்றிக்கொண்டே போனால் அங்கேயும் மரம் இல்லை. தளத்தின் மேல் கார்ப்பெட் ஒட்டியிருந்தால் ஒரு மூலையையாவது தூக்கச் சொல்லுங்கள். நான் அப்படிக் கேட்கவில்லை. என் படகின் பின்தளம் முழுவதும் கார்ப்பெட்டுக்குக் கீழே மக்கியிருந்தது.

காகிதத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் கட்டிய படகுகளுக்கு 12 எழுத்து கொண்ட அடையாள எண் உண்டு. பின்சுவரின் வலதுபக்க மேல்மூலையில் பதித்திருக்கும். 1978 படகில் அது இல்லையென்றாலோ சுரண்டியிருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இத்தனையும் தேறினால், கடைசியில் படகைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு சர்வேயருக்குப் பணம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய படகுக்குக் காப்பீடு எடுக்கப் போனால் பெரும்பாலும் அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேள்வி: அறுபது வருடத்துப் பழைய டிசைனுக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு? அதே பணத்தில் புதுப்படகு வாங்கலாமே? (வாசகர், எடிசன், நியூ ஜெர்சி)

இந்தப் படகின் அடிப்பாகத்தைக் கீழே படுத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

1950களில் வேகமாக ஓடும் மோட்டார் படகுகளின் அடி, முன்னால் கூராகத் தொடங்கிப் பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். அலை இருக்கும் கடலில் அந்தத் தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் விழுந்து அறையும். ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர் அந்த "வி" வடிவத்தை முன்னிருந்து பின்சுவர் வரைக்கும் தட்டையாக்காமல் ஆழமாகவே கொண்டுபோனார். பின்சுவரில்கூட ஏறக்குறைய 24 டிகிரிச் சரிவு. 1958இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் பந்தயத்துக்காக நியூபோர்ட்டில் இருந்த டிக் பெர்ட்ரம், ஹன்ட்டின் 23 அடிப் படகு ஒன்று அலையை அறுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, தனக்கு 30 அடியில் ஒன்று வேண்டும் என்று கேட்டார். மரத்தில் கட்டிய அந்தப் படகுக்குத் தன் மனைவியின் செல்லப்பெயரான மோப்பி என்பதையே வைத்தார். 1960 மயாமி–நஸாவ் பந்தயத்தில் கடல் மோசமாக இருந்தது. மோப்பி முதலில் வந்தது. இரண்டாவது படகு வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது. அந்த மரப்படகையே அச்சாக வைத்து ஃபைபர் வார்ப்பு எடுத்து, 1961இல் பெர்ட்ரம் 31 விற்பனைக்கு வந்தது.

அடி முழுவதும் மரம் வைக்காத கெட்டியான ஃபைபர். புது எக்ஸாஸ்ட் குழாய்க்காக நீர்மட்டத்துக்குக் கீழே நான் வெட்டி எடுத்த வட்டத்துண்டு என் மேசையில் இருக்கிறது. விரல் தடிமனுக்குக் குறையவில்லை. ஐம்பது வருடம் உப்புத்தண்ணீரில் கிடந்த துண்டு அது. உள்ளே அடுக்கு பிரியவில்லை. புதுப்படகு வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட ஓடு உள்ள படகை, மேலே இருக்கும் மரம் மக்கியதற்காகக் குப்பைமேட்டில் நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் ஊரில் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுதான் எல்லாம். ரெசின், மேட் (கண்ணாடி இழைப் பாய்) வைத்து நாங்களே ஒட்டுப்போடுகிறோம். நீங்கள் எப்பாக்ஸி என்ற வேறு ரெசினைப் பற்றி எழுதுகிறீர்கள். விலை பல மடங்கு. அது இல்லாமல் முடியாதா? (வாசகர், நாகப்பட்டினம்)

தம்பி, உங்கள் கடிதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் இருந்த கரை முழுக்க ஃபைபருக்கு மாறியதை ஊருக்கு வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் மட்டமான சரக்கு இல்லை. என் படகின் ஓடும் பாலியெஸ்டர்தான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், பழசின் மேல் புதுசை ஒட்டும்போது. ஒரு அடுக்கு இறுகுவதற்குள் அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் ரசாயனமாகவே ஒன்றாகிவிடும். பத்து வருடம் இறுகிப்போன ஓட்டின் மேல் அந்த ஒட்டு கிடைக்காது. அங்கே புது ரெசின் கீறல்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அந்தப் பிடிப்பு எப்பாக்ஸிக்குப் பாலியெஸ்டரை விட நிறையவே அதிகம். மரத்தையும் அது நன்றாகப் பிடிக்கும். அதனால் நீங்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. அணியத்தில் (முன்பகுதியில்) அடிபட்ட இடம், எஞ்சின் மாட்டும் பின்சுவர், மரத்தோடு ஃபைபர் சேரும் இடம், இவற்றுக்கு மட்டும் எப்பாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் பாலியெஸ்டர் போதும். ஆனால் பழைய பெயின்ட்டும் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சும் போகும்வரை 36ஆம் நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கால் தேய்த்து, ஒட்டு போடும் ஓரத்தைப் படிப்படியாகச் சரித்துக்கொள்ள வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சரிவு 60 மில்லிமீட்டருக்காவது நீள வேண்டும். ஒட்டு பிய்ந்து வருவது பெரும்பாலும் ரெசினால் இல்லை, இந்தச் சரிவு போடாததால்.

இரண்டு எச்சரிக்கை. உங்களிடம் இருக்கும் சாதாரண மேட்டை எப்பாக்ஸியோடு போடாதீர்கள். அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எப்பாக்ஸியில் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். எப்பாக்ஸிக்கு நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள். இன்னொன்று, இதை எழுதும்போதே எனக்குக் கவலையாக இருக்கிறது. ரெசினை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, வேலை தொடங்கும்போது மட்டும் கேட்டலிஸ்ட்டை ஊற்றுங்கள். அந்தக் கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். நம்மூரில் வெறுங்கண்ணோடு மூடியில் அளந்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

கேள்வி: பின்தளத்தை முழுவதும் மாற்றியதாக ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். என் படகிலும் அதே நிலைமை. எப்படிச் செய்தீர்கள் என்று விரிவாகச் சொல்ல முடியுமா? (வாசகர், ஹூஸ்டன்)

முடியும். அது ஐந்து மாத வேலை.

தளத்தை வெட்டுவதற்கு முன்னால் படகு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். எடை முழுவதும் ஏராவுக்கு (அடியின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு) கீழே வைத்த கட்டைகளில் இறங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்டுகள் சாய்ந்துவிடாமல் பிடிக்க மட்டும்தான். எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் பிணைத்து வையுங்கள். ஓடு கோணலாக உட்கார்ந்திருக்கும்போது தளத்தைப் போட்டுவிட்டால் அந்தக் கோணல் அப்படியே நிரந்தரமாகிவிடும். தார்ப்பாயின் கயிற்றை ஒருபோதும் ஸ்டாண்டில் கட்டாதீர்கள். காற்று தார்ப்பாயை இழுக்கும், தார்ப்பாய் ஸ்டாண்டை உருவும். 2022 நவம்பரில் நிக்கோல் புயல் வீரோ பீச்சுக்குத் தெற்கே கரையேறியபோது என் படகு அசையாமல் நின்றதற்கு அந்தச் சங்கிலிகள்தான் காரணம்.

சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு விளிம்பை விட்டுவிட்டு, ரம்பத்தின் ஆழத்தை மேல்தோலின் தடிமனுக்கு மட்டும் வைத்து வெட்டினேன். தோலைத் தூக்கியதும் கீழே இருந்த பிளைவுட் ஊறவைத்த அவல் மாதிரி கையோடு வந்தது. புளித்த வாடை. பிளாஸ்டிக் வாளியில் அள்ளி அள்ளிப் பத்துப் பதினைந்து வாளி. விளிம்புக்குக் கீழே ஒட்டியிருந்ததை உளியால் சுரண்டுவதற்கே மூன்று சனிக்கிழமை ஆனது. பிறகு விசிறி வைத்து மூன்று வாரம் காயவிட்டேன். அந்த மூன்று வாரத்தைக் குறைக்காதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பழைய கதைதான்.

மறுபடி மரம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கூசா என்று இங்கே கிடைக்கும், கண்ணாடி இழை கலந்த நுரைப்பலகையை வாங்கினேன். மெரைன் பிளைவுட்டை விட விலை அதிகம், எடை குறைவு, மக்காது. கீழ்த்தோலை 36ஆம் நம்பரில் தேய்த்து, துடைத்து, முதலில் வெறும் எப்பாக்ஸியை ரோலரால் தடவினேன். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே சிலிக்கா தூள் கலந்து வேர்க்கடலை விழுது பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்ஸியை, டைல்ஸ் ஒட்டும் பல்வைத்த கரண்டியால் பரப்பி, பலகையை அதன்மேல் அழுத்தினேன். பலகையில் ஒரு சாண் இடைவெளியில் சின்ன ஓட்டைகள் முன்பே போட்டிருந்தேன். அந்த ஓட்டைகள் வழியாக எப்பாக்ஸி மேலே பிதுங்கி வந்தால்தான் அடியில் காற்று இல்லை என்று அர்த்தம். எல்லா ஓட்டையிலும் வரும்வரை மணல் மூட்டையும் தண்ணீர்க் கேனும் ஏற்றினேன்.

அதற்கு மேல் 1708 என்ற எண்ணில் வரும், குறுக்கும் மறுக்குமாகத் தைத்த துணி இரண்டு அடுக்கு. இங்கேதான் நான் தவறு செய்தேன். முதல் அடுக்கை ஒரு ஜூன் மாதச் சாயங்காலம் போட்டேன். இரவில் பனி இறங்கியது. எப்பாக்ஸி ஈரக்காற்றில் இறுகும்போது அதன் மேல் மெழுகு போல ஒரு மெல்லிய படலம் வரும். மறுநாள் அது கண்ணுக்கே தெரியவில்லை. அசிட்டோனால் துடைத்துவிட்டு இரண்டாவது அடுக்கைப் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஓரத்தில் உளியை விட்டுப் பார்த்தால் தாள் மாதிரி உரிந்து வந்தது. ஆறு சதுர மீட்டரையும் தேய்த்து எடுத்தேன். அந்தப் படலம் தண்ணீரில்தான் கரையும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் சுத்தமான தண்ணீரும் போதும். கழுவி, துடைத்து, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவத்தான் செய்யும். இல்லாவிட்டால் கடைசி அடுக்கின் மேல் பீல் பிளை என்ற துணியை விரித்து, இறுகியதும் உரித்துவிடுங்கள். படலமும் அதோடு போய்விடும்.

மரத்தின் மேல் எப்பாக்ஸி தடவுவதாக இருந்தால் நேரத்தையும் கவனியுங்கள். காலையில் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். வெப்பம் இறங்கும் நேரத்தில் தடவினால் மரம் எப்பாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் ரொம்பத் தாமதித்தால் பனி. ஃப்ளோரிடாவில் எனக்கு ஒத்துவந்த நேரம் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து. கலக்கியதை டம்ளரில் வைத்திருக்காதீர்கள், தட்டையான தட்டில் ஊற்றுங்கள். டம்ளரில் மொத்தமாக இருந்தால் சூடேறிப் புகைந்துவிடும்.

கேள்வி: என் கணவர் வீட்டு கராஜில் பழைய படகைத் தேய்க்கிறார். துணி முழுக்கத் தூள். வீட்டில் இரண்டு குழந்தைகள். பயமாக இருக்கிறது. (வாசகி, மிசிசாகா, கனடா)

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.

வீட்டோடு ஒட்டிய கராஜில் தேய்ப்பதை இன்றோடு நிறுத்த வேண்டும். வெளியே, தார்ப்பாய்க்குள், தூள் உறிஞ்சும் வாக்குவத்தை சாண்டரோடு இணைத்துச் செய்யட்டும். கண்ணாடித் தூளை விடவும் எனக்குக் கவலை, அடியில் இருக்கும் பழைய பெயின்ட். பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் அந்தப் பெயின்டில் செம்பு இருக்கும். படகு 1980களிலோ அதற்கு முன்போ கட்டியது என்றால் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த அடுக்கும் அடியில் இருக்கலாம். கடல் உயிர்களை அது அழிக்கிறது என்பதால் அமெரிக்காவில் 1988இல் சட்டம் போட்டு, சிறிய படகுகளில் பூசுவதைத் தடுத்தார்கள். அந்த அடுக்கை உலர்த்தூளாகப் பறக்கவிடக் கூடாது. ஈரம் வைத்துச் சுரண்டி, பிளாஸ்டிக் விரிப்பில் சேர்த்து, நச்சுக்கழிவாகக் கொடுக்க வேண்டும்.

துணி முகமூடி எதற்கும் உதவாது. இரண்டு பக்கமும் வடிகட்டி உள்ள ரப்பர் முகமூடி வேண்டும்: தூளுக்கு பி100, ரெசின் வாடைக்குக் கரி வடிகட்டி. தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. நான் அந்த மூன்றரை வருடமும் தாடியை எடுத்துவிட்டேன். வேலை முடிந்ததும் அங்கேயே துணியை மாற்றிவிட்டு, முதலில் குளிர்ந்த தண்ணீரில் குளிக்கட்டும். வெந்நீரில் குளித்தால் அரிப்பு அதிகமாகும் என்று யார்டில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் அரிப்பு குறைவாகத்தான் இருந்தது. அந்தத் துணியைக் குழந்தைகளின் துணியோடு துவைக்காதீர்கள்.

எப்பாக்ஸி கையில் பட்டால் அசிட்டோனால் கழுவக் கூடாது. அது கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகும். திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் ஒவ்வாமை வந்துவிடும், அதற்குப் பிறகு வாடை பட்டாலே தடிக்கும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் அதனால் இந்த வேலையையே விட்டுவிட்டார். கையுறை போட்டு, அடிக்கடி மாற்றட்டும். அப்புறம், இரண்டு பாகமாகக் கலக்கும் பாலியூரித்தேன் பெயின்டை அவர் ஸ்பிரே அடிக்க நினைத்தால் விடாதீர்கள். அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் அடிக்கக் கூடாது. ரோலரால் உருட்டி, பின்னாலேயே பிரஷ்ஷால் மெதுவாக இழுத்துவிட்டால் கண்ணாடி மாதிரி வரும். என் படகு முழுக்க அப்படித்தான் பூசினேன். அப்போதும் அந்தக் கரி முகமூடியும் கையுறையும் வேண்டும்.

கேள்வி: பெட்ரோலா, டீசலா? பழைய டேங்கை வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஆர்லாண்டோ)

பணம் இருந்தால் டீசல். மூடிய அறைக்குள் எஞ்சின் இருக்கும் படகில் பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, அடியில் போய்த் தேங்கும். நான் பணம் போதாமல் பெட்ரோல் எஞ்சின்தான் போட்டேன், அதனால் ஒவ்வொரு முறையும் கிளப்பும் முன் நாலு நிமிடமாவது புளோயரை (ஆவியை வெளியேற்றும் விசிறியை) ஓடவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறேன். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் தீப்பொறி வெளியே வராத மெரைன் வகையாகவே இருக்க வேண்டும். கார் கடையில் பாதி விலைக்கு அச்சு அசலாக அதே மாதிரி கிடைக்கும். வாங்காதீர்கள்.

டேங்கை மாற்றிவிடுங்கள். 1980களுக்கு முந்திய பெட்ரோல் படகுகள் சிலவற்றில் டேங்கும் ஃபைபர்தான். 2004இல் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் பெட்ரோலில் கலந்துவந்த எம்டிபிஇ என்ற சேர்மத்தைத் தடைசெய்து, அதற்குப் பதிலாக எத்தனால் வந்தபோது, லாங் ஐலண்ட் பக்கம் அந்த டேங்குகளின் ரெசினையே எத்தனால் கரைத்தது. கரைந்த பிசின் எஞ்சின் வால்வில் கறுப்பாகப் படிந்து, எஞ்சின்கள் நின்றன. அலுமினிய டேங்க் என்றால் வேறு பிரச்சினை. சுற்றி நுரை ஊற்றி வைத்திருந்தால் நுரைக்கும் உலோகத்துக்கும் நடுவே உப்புத்தண்ணீர் தங்கி, அரித்துக் குழி போடும். நான் புது அலுமினிய டேங்க் செய்யச் சொல்லி, தண்ணீர் குடிக்காத பட்டைகளின் மேல் உட்காரவைத்து, நாலு பக்கமும் காற்றோட்டம் விட்டேன்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு செலவானது? மறைக்காமல் சொல்லுங்கள். (வாசகர், சிகாகோ)

ரசீதுகளைக் கூட்டினால் 63,000 டாலருக்குப் பக்கம் வருகிறது. படகு 6,500. மறுபடி கட்டிய இரண்டு எஞ்சினும் கியர்பாக்ஸும் 27,000. நான் எதிர்பார்க்காதது யார்டு வாடகை. மாதம் 350 டாலர், 42 மாதத்துக்கு 14,700. ரெசின், துணி, பலகை எல்லாம் சேர்த்து 6,000தான். மீதி டேங்க், பெயின்ட், வயர், பம்ப். என் உழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் முறை என்றால் நான் செய்தபடி 31 அடியில் தொடங்காதீர்கள். டிரெய்லரில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் 18 அல்லது 20 அடிப் படகு, வெளியே மாட்டும் எஞ்சின் ஒன்று. வாடகை இல்லை. தளமும் பின்சுவரும் அதிலும் இருக்கும், அதே வேலையைச் சின்ன அளவில் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: என் படகு நல்ல நிலையில்தான் இருக்கிறது. பக்க விளிம்பில் நாலு தூண்டில் தாங்கி மட்டும் புதிதாக வைக்க வேண்டும். டிரில் போட்டு, ஸ்குரூ அடித்து, சிலிக்கான் வைத்தால் போதும்தானே? (வாசகர், ஃபோர்ட் மையர்ஸ்)

போதாது. நான் வாளி வாளியாக அள்ளிய அவல் எல்லாம் இப்படி நாலு ஸ்குரூவில் தொடங்கியதுதான்.

விளிம்புக்குள் மரம் இருக்கிறதா என்று முதலில் தட்டியும், ஒரு சின்ன ஓட்டை போட்டும் பாருங்கள். இருந்தால், போல்ட்டுக்குத் தேவையானதை விட இரண்டு மடங்கு பெரிய ஓட்டையாகப் போடுங்கள். வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி, இரண்டு தோலுக்கும் நடுவே இருக்கும் மரத்தை ஓட்டையைச் சுற்றி இன்னும் கொஞ்சம் குடைந்து எடுங்கள். கீழே டேப் ஒட்டி அடைத்துவிட்டு, முதலில் வெறும் எப்பாக்ஸியை ஊற்றி மரம் குடிக்கவிட்டு, பிறகு சிலிக்கா தூள் கலந்ததை ஊசிக்குழாயால் நிரப்புங்கள். தாங்கி உட்காரும் பெரிய துளைக்கு உள்சுவர் முழுவதும் அதே எப்பாக்ஸிப் பூச்சு. மறுநாள் இறுகியதும், அந்த எப்பாக்ஸியின் நடுவில் போல்ட் அளவுக்குச் சரியாக ஓட்டை போடுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொட வழி இல்லை. ஓட்டையின் மேல்விளிம்பைச் சற்றே சரித்துவிட்டால் சீலன்ட் வளையம் மாதிரி அங்கே உட்காரும், ஜெல்கோட்டும் விரியாது. சிலிக்கான் வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டோ ஜெல்கோட்டோ ஒட்டாது. பியூட்டைல் டேப்போ பாலிசல்ஃபைடோ போதும். 5200 என்ற பசையை யாராவது சொன்னால் அதையும் தவிர்த்துவிடுங்கள், என்றாவது தாங்கியைக் கழற்றும்போது ஜெல்கோட்டையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். கீழே வாஷர் மட்டும் போடாமல் உள்ளங்கை அளவுத் தகடு வையுங்கள். பெரிய மீன் இழுக்கும்போது அந்த விசை முழுவதும் இங்கேதான் வரும்.

முதல் மழை பெய்த மறுநாள் காலையில் டார்ச்சோடு கீழே போய், ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்றைக்கே கழற்றி மறுபடி போடுங்கள்.